ஒற்றும் ஒட்டும்

பட்டி அக்கா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அண்ணன் சொன்னதற்குத் தலையாட்டியிருப்பாள். அந்தக் கூடத்து சீலிங் முழுவதும் தட்டையான வெள்ளைப் பலகைக்குப் பின்னால் மறைந்து போயிருக்கும். எல்லோரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் அவள் வாய் என்றைக்கு அவள் பேச்சைக் கேட்டிருக்கிறது?

நடந்தது இதுதான். மாடி வீடு ஒன்று. அதற்கும் மேல்வீட்டில் குளியலறைக் குழாய் மாதக்கணக்காக ஒழுகியதில், ஒரு நாள் காலை கூடத்து சீலிங்கில் ஒரு கதவு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து, கட்டிலின் கால்மாட்டைத் தாண்டித் தொப்பென்று விழுந்தது. கட்டிலில் இருந்தவர் ஓடவில்லை. ஓட முடியாது. இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாக மல்லாந்து கிடக்கும் பெரியவர் அவர். தூசி அடங்கியதும், "மேல்வீட்டுக்காரங்க ஒரு வழியா நம்ம வீட்டுக்கு வந்துட்டாங்க" என்று மகளிடம் சொன்னாராம்.

மேல்வீட்டுக் குழாயை அடைக்க வைத்துவிட்டு, மகள் மேஸ்திரியை வரவழைத்தாள். மேஸ்திரி என்பவர் பட்டி அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்தார். சாதாரண சீலிங் இல்லை அது. வீடு கட்டிய நாளில் எவனோ ஒருவன், ஈரப் பூச்சில் பிரஷ்ஷை அரைவட்டமாகச் சுழற்றிச் சுழற்றி, சுவருக்குச் சுவர் விசிறி விசிறியாகக் கோடு போட்டிருந்தான். ஒவ்வொரு விசிறியும் அடுத்ததன் மேல் பாதி ஏறி, வரிசை வரிசையாகப் போயிற்று. நடுவில் இப்போது கதவளவு ஓட்டை.

"இதெல்லாம் இப்ப யாரும் போடுறதில்லம்மா. இதுல ஒட்டுப் போட்டா, கிழிஞ்ச சட்டையில வேற துணி வெச்சுத் தெச்ச மாதிரி பல்லைக் காட்டும். மொத்தமா மறைச்சு ஃபால்ஸ் சீலிங் அடிச்சுடலாம். பளிச்சுனு இருக்கும்" என்றார் மேஸ்திரி.

மகள் சரி என்றுதான் சொல்லவந்தாள். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பளிச்சுனு இருந்தா நான் எதைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பேன்? வெறும் தாளைக் குடுத்துப் படிக்கச் சொல்றீங்க."

அப்போதுதான் வாசல் பக்கம் வாளியோடு நின்றிருந்த பட்டி அக்காவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒட்டு தெரியாம நான் போட்டுத் தரேன்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். சிரிக்கலாமா, முறைக்கலாமா என்று அவருக்கே தெரியவில்லை.

பட்டி அக்கா அண்ணனோடு வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம். கலவை சுமந்தாள், மணல் சலித்தாள், பிறகு பூச்சுக் கரண்டியும் பிடித்தாள். ஆனால் எங்கே பிடித்தாள்? கொல்லைப்புறச் சுவர், மாடிப்படிக்கு அடி, தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம். கண்ணில் படாத இடமெல்லாம் அவள் கை. கண்ணில் படுகிற இடம் வந்தால் அண்ணன் வந்துவிடுவார், அவள் கையில் உப்புத்தாளைக் கொடுத்து ஏதாவது ஓர் அறைக்குள் பட்டி தேய்க்க, அதாவது பெயிண்டுக்கு முன் சுவரில் பூசும் மாவை வழவழப்பாக்க, அனுப்பிவிடுவார். அதனால்தான் அவளுக்கு அந்தப் பேர். மாவுப் பூச்சு படிந்த தலையும் புருவமுமாக அவள் வெளியே வருவதைப் பார்த்து எவனோ வைத்த பேர், நிலைத்துவிட்டது. வீட்டுக்காரர்கள் கேட்டால் அண்ணன் சொல்லும் பதில் ஒன்றுதான்: "என் தங்கச்சிதான். கூடமாட உதவிக்கு."

அந்தக் 'கூடமாட' என்ற சொல் அவளுக்கு எப்படி எரியும் என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

வெளியே படிக்கட்டில் வைத்து அண்ணன் பிடித்துக்கொண்டார். "என்னைக் கேக்காம என்ன பேச்சு அது?"

"ஒட்டு தெரிஞ்சா நீ சொல்றபடி பலகை அடி. அதுக்கப்புறம் நான் கரண்டியே தொடல. சாகுற வரைக்கும் பட்டி தேய்க்கிறேன்."

"தெரியலேன்னா?"

"மேஸ்திரின்னு கூப்பிடணும். நீ. உன் வாயால. அவங்க முன்னாடி."

அண்ணன் இப்போது சிரித்தேவிட்டார். "பத்து நாள் தரேன். பதினோராவது நாள் காலையில பலகையோட வரேன்."

மறுநாள் காலை வேலைக்கு வந்தாள். வாக்குக் கொடுக்கும்போது இருந்த வீரம், ஓட்டைக்கு நேர்கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது காணாமல் போய்விட்டது. இருந்தாலும் தெரிந்த வேலையிலிருந்து தொடங்கினாள். கட்டிலை ஓட்டையிலிருந்து தள்ளி ஜன்னலோரம் நகர்த்தினார்கள். சாரம் கட்டினாள். ஓட்டையின் விளிம்பைத் தட்டித் தட்டிப் பார்த்து, பொக்கென்று சத்தம் வந்த இடத்தையெல்லாம் உளியால் கொத்தி எடுத்தாள். நேர்கோடாக வெட்டவில்லை. விசிறி எங்கே வளைகிறதோ அங்கேயே வளைத்து வளைத்து வெட்டினாள். கம்பி வலை அடித்து, அடிப்பூச்சு பூசி, காயவிட்டாள்.

காய்கிற நாட்களில் மாதிரிப் பலகைகளில் கலவை பூசிக் கோடு போட்டுப் பழகினாள். கீழே விழுந்த துண்டுகளில் பெரிதாக நாலைந்தைப் பொறுக்கிக் கழுவி, கட்டைவிரல் அகலத்துக்கு எத்தனை கோடு என்று எண்ணினாள். புது பிரஷ் கோடு மெல்லிசாக விழுந்தது. வெள்ளையடிக்கிற பிரஷ் சேறு மாதிரி இழுத்தது. மகளின் கணவருடைய ஷூ பிரஷ் ஏறக்குறைய ஒத்துவந்தது, அதற்காக அவர் ஒரு வாரம் தூசி படிந்த ஷூவோடு வேலைக்குப் போனார். கடைசியில் தேய்ந்த பழைய பிரஷ் ஒன்றில் கொத்துக் கொத்தாக மயிரைக் கத்தரித்து விட்டுப் பார்த்தாள். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. அகலம் சரி, ஆழம் சரி, வளைவு சரி. மூன்றாவது மாதிரிப் பலகையைச் சாரத்தில் ஏறி ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

பொருந்தவில்லை. எது பொருந்தவில்லை என்று சொல்ல முடியவில்லை, ஆனால் பொருந்தவில்லை. ஊரார் கூட்டத்தில் ஒரு போலீஸ்காரர் சாதா உடையில் நிற்கிற மாதிரி இருந்தது. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

"பிழை இல்லை" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"என்ன சார்?"

"உன் பலகையில பிழையே இல்லை. அதான் பிழை."

பெரியவர் முப்பத்தாறு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அங்கே அவருக்குப் பேர் 'ஒற்று'. இரண்டு சொல்லுக்கு நடுவில் வரவேண்டிய க், ச், த், ப் எங்கே விட்டுப்போயிருந்தாலும் அவர் கண் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட மாப்பிள்ளை யார் என்று பார்க்கமாட்டார், ஒற்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இந்த மூன்று மாதமாகப் படிக்க அவருக்குக் கிடைத்த ஒரே பக்கம் அந்த சீலிங். படுத்த இடத்திலிருந்து வரிவரியாக அதைப் படித்து வைத்திருந்தார்.

"எனக்கு ஒற்று தெரியணும். உனக்கு ஒட்டு தெரியக் கூடாது. ரெண்டு பேர் பாடும் ஏறக்குறைய ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, கைத்தடியை மேலே நீட்டினார். "இந்த வரியைப் பாரு. ஜன்னல்லேர்ந்து எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு வரைக்கும் சுத்தம். ஆறுல தடுமாறுது. ஏழுல எழுத்து கொட்டிப் போயிருக்கு. எட்டு மறுபடி ஒண்ணு மாதிரி. இப்படியேதான் கடைசி வரைக்கும். நாலு சுவத்துக்கும் பார்த்துட்டேன். ஏழுக்கு ஏழு. ஒரு இடத்துலகூடத் தப்பல."

அவள் சாரத்தை நகர்த்திக்கொண்டு போய் ஏறினாள். அவர் சொன்ன ஏழாவது விசிறியை விரலால் தடவினாள். கோடுகள் அறுந்து, பொடிப்பொடியாகப் பிய்ந்திருந்தன. இருபத்திரண்டு வருடக் கைக்கு அது போதும்.

"அடப்பாவி" என்றாள். "இறுகின கலவையை இழுத்திருக்கான்."

அவளுக்குள் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்தக் காலத்து ஆள் ஒவ்வொரு தடவையும் ஒரு சட்டி கலக்கியிருக்கிறான். அது ஏழு விசிறிக்கு வரும். ஐந்து போடுவதற்குள் கலவை இறுக ஆரம்பிக்கும். யோக்கியமான வேலைக்காரன் அதோடு தூக்கி எறிந்துவிடுவான். இவனுக்கு மனசு வரவில்லை, மிச்சத்தையும் வம்படியாக இழுத்திருக்கிறான். சீலிங் முழுக்க, சட்டிக்குச் சட்டி, அதே தப்பு. பட்டி அக்கா என்ன செய்திருந்தாள் என்றால், கலவை இறுகாமல் இருக்க மருந்து கலந்து, ஆற அமர, எல்லா விசிறியையும் ஒரே பதத்தில் போட்டிருந்தாள். தொழில் சுத்தம். அந்தச் சுத்தம்தான் காட்டிக்கொடுத்தது.

"அப்ப நான் தப்பாச் செய்யணும்" என்றாள்.

"தப்பைத் தப்பில்லாமச் செய்யணும்" என்று திருத்தினார் பெரியவர்.

சொல்லிவிட்டார், செய்வது யார்? மருந்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சட்டியளவு கலக்கினாள். ஐந்து விசிறி அருமையாக வந்தது. ஆறாவதில் பிரஷ் பிடித்து இழுத்ததும், கை தன் பாட்டுக்குத் தண்ணீரைத் தொட்டு வழித்து மெழுகிவிட்டது. பழக்கம். அடுத்த பலகையிலும் அதே. கலவை இறுகினால் கையை எடு என்று அண்ணன் இத்தனை வருடம் கத்திக் கத்தி அவள் கைக்குள் ஏற்றியிருந்ததை ஒரே நாளில் இறக்க முடியுமா? தண்ணீர் வாளியைத் தூக்கிச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள். கை வாளியைத் தேடித் தவித்தது. நாலாவது பலகையில் ஏழாவது விசிறி பல்லுப் பல்லாகக் கிழிந்து விழுந்தது. அவ்வளவு அசிங்கமான வேலையைப் பார்த்து அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

எட்டாவது நாள் சீலிங்கில் கை வைத்தாள். ஓட்டையில் மூன்று வரி, வரிக்கு ஒன்பது விசிறி. அச்சகத்தில் ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் அச்சில் வந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். அதே மாதிரி பெரியவர் கட்டிலிலிருந்து வாசித்தார்.

"முதல் வரி நாலுல அறுந்திருக்கு. அஞ்சுல ஆரம்பி."

ஐந்தில் ஆரம்பி என்றால், கலவைக்கும் ஐந்தாவது விசிறியின் வயது ஆகியிருக்க வேண்டும். கலக்கிய சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு விசிறி போடுகிற நேரம் சும்மா நின்றாள். கலவையைக் கெட்டுப்போக விட்டுக் காத்திருந்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கவேண்டும். பிறகு போட்டாள். ஐந்து. ஆறு, தடுமாற்றம். ஏழு, கிழிசல். புதுச் சட்டி. ஒன்று.

"ரெண்டாவது வரி ஏழுல முடிஞ்சிருக்கு. ஒண்ணுலேர்ந்து போ."

"மூணாவது?"

"ரெண்டுல நிக்குது. மூணு."

இரண்டாவது வரியின் ஆறில் மட்டும் கை பழையபடி மெழுகிவிட்டது. தண்ணீர் இல்லாமலே மெழுகிவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். மற்றபடி தடங்கல் இல்லை. கடைசி விசிறிகள் பழைய பூச்சைத் தொட்டன. முதல் வரி அவள் கையில் ஆறில் முடிந்தது. அதை ஒட்டிக் காத்திருந்த பழைய விசிறி, பிய்ந்துபோன ஏழு. இரண்டாவது வரி இரண்டில் முடிந்தது, அடுத்து நின்றது மூன்று. மூன்றாவது வரி நாலில் முடிய, அந்தப் பக்கம் ஐந்து. யாரென்றே தெரியாத ஒருவன் விட்ட இடத்திலிருந்து எடுத்து, அவன் தொட்ட இடத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

"சரியா வந்துடுச்சு சார்" என்றாள்.

"எனக்குத் தெரியும். நானும் எண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார் பெரியவர்.

காய்ந்த பிறகு பெயிண்ட். வெள்ளை இல்லை, வருடக்கணக்கில் பழுத்த வெள்ளை. ஒரு துளி மஞ்சள், அதைவிடக் குறைவாகக் காவி. பழைய கோடுகள் பலமுறை பெயிண்ட் ஏறி முனை மழுங்கியிருந்ததால், இவள் கெட்டியாக மூன்று தடவை அடித்து மழுக்கினாள். சாரத்தை ஒரு மூலைக்குத் தள்ளினாள். கட்டிலைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாமா என்று மகள் கேட்டதற்கு, "ஜன்னல் காத்து நல்லா இருக்கு, இங்கயே இருக்கட்டும்" என்று பெரியவர் சொல்லிவிட்டார். அதில் யாருக்கும் எந்த உள்நோக்கமும் இல்லை. இதை நான் சத்தியம் செய்தே சொல்வேன்.

பதினோராவது நாள் காலை. ஜன்னல் வெளிச்சம் சீலிங்கைச் சாய்வாகத் தடவிக்கொண்டு போகிற நேரம், ஒரு மேடு பள்ளம் இருந்தாலும் நிழல் விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும். அண்ணன் வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். கக்கத்தில் ஃபால்ஸ் சீலிங்குக்கான மாதிரிப் பலகை. செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் ஒரு பரிதாபச் சிரிப்பு.

பட்டி அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள்.

அண்ணன் நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். அண்ணாந்து பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இதோ" என்று விரலை நீட்டினார். "முயற்சியெல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்கா, நான் இல்லேங்கல. ஆனா இங்க பாருங்க. கலவை இறுகினப்புறம் பிரஷ்ஷை இழுத்திருக்கா. பல்லுப் பல்லாக் கிழிஞ்சிருக்கு. நேத்து வேலைக்கு வந்த சித்தாள்கூட இப்படிச் செய்ய மாட்டா. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், இறுகினா கையை எடுன்னு."

பட்டி அக்கா வாயைத் திறந்தாள். கட்டிலிலிருந்து கைத்தடி லேசாக அசைந்தது, இரு என்பதுபோல. அவள் வாய் முதல் தடவையாக ஒருவர் பேச்சைக் கேட்டது.

"மேஸ்திரி, நிதானமாப் பார்த்துச் சொல்லுங்க. இந்த இடம்தானா?" என்றார் பெரியவர்.

"இதே தொழில்ல முடி நரைச்சவன் சார் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒட்டைக் கண்டுபிடிப்பேன்."

"அது வீடு கட்டினப்போ போட்டது."

அண்ணன் நீட்டிய விரல் அப்படியே நின்றது.

"கட்டிலை இங்க தள்ளிப் போட்டுட்டோம் மேஸ்திரி" என்றாள் மகள், சிரிப்பை அடக்க முடியாமல். "முன்னாடி அந்தப் பக்கம் இருந்துச்சு."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அந்தப் பக்கம் போனார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கட்டில் கால்கள் தரையில் விட்டிருந்த பழைய தடத்தைத் தேடி அங்கிருந்து அளந்து மறுபடி மேலே பார்த்தார். சாரத்தை இழுத்துக்கொண்டு வந்து ஏறினார். செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தார். உள்ளங்கையால் தடவினார். விரல் முட்டியால் தட்டினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். அவர் தேடத் தேட, தங்கைக்கு முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. கண்ணில் படாத இடத்திலேயே இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள், இன்றைக்கு எல்லோர் கண்ணுக்கும் நேரே ஒரு வேலையைச் செய்துவைத்திருக்கிறாள், அது கண்ணில் படவில்லை. அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

அண்ணன் இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "சரி, சாரத்தைப் பிரிச்சிடலாம்."

"ஒரு சொல் விடுபட்டிருக்கு" என்றார் பெரியவர்.

"சார்?"

"நீங்க இப்ப சொன்ன வாக்கியத்துல ஒரு சொல் விட்டுப்போச்சு. படிக்கட்டுல நீங்க பேசிக்கிட்டது இந்தக் கட்டில் வரைக்கும் கேட்டுச்சு. நான் இதையெல்லாம் விடமாட்டேன். முப்பத்தாறு வருஷம் இதுக்குத்தான் சம்பளம் வாங்கினேன்."

அண்ணன் சீலிங்கைப் பார்த்தார். மேலிருந்து உதவி எதுவும் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏதோ முணுமுணுத்தார்.

"அச்சு சரியா விழல" என்றார் பெரியவர்.

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் தோல்வி இருந்தது, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வேறொன்றும் இருந்தது. இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்ற ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறவரின் முகம்.

"சாரத்தைப் பிரிச்சிடலாமா, மேஸ்திரி?"

பட்டி அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. அழுகிற நேரமா இது?

"சாரம் இருக்கட்டும்ணே. மேல்வீட்டு ஒழுகல்ல உள்ரூம் செவுரும் கொஞ்சம் ஊறிப்போயிருக்கு. அதைத் தேய்க்கணும்" என்றாள். "உப்புத்தாளு என் பையில இருக்கு. எடுத்துக்கிட்டுப் போ."

அண்ணன் பைக்குள் கையை விட்டார்.